வகுப்பு அடையாளம்

இணைய வேடமேற்பு விளையாட்டுகளில் ஒரு பாத்திர வகுப்பைப் பிறவற்றிலிருந்து பிரித்துக்காட்டும் ஆயுதம், திறன், ஆடும் முறை ஆகியவற்றின் தொகுப்பு. வகுப்புகளைத் திருத்தி அமைக்கும்போது முதலில் ஆட்டம் காண்பது இதுவே.

2004இல் வெளியான ‘வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்’ தெளிவான சான்று. தொடக்கத்தில் ஷாமன் ஹோர்ட் அணிக்கும் பாலடின் அலையன்ஸ் அணிக்கும் மட்டுமே உரியவை. 2007இல் அந்த வேலி நீங்கியது. 2016இன் ‘லீஜியன்’ விரிவாக்கம் வகுப்பு அடையாளத்தைக் கூர்மையாக்கவே முனைந்தது. ஆனால் புதிய டீமன் ஹண்டர் வகுப்புக்காக, டெமனாலஜி வார்லாக் 2008 முதல் பெற்றிருந்த அரக்க உருவெடுக்கும் திறன் பறிக்கப்பட்டது. தொலைவிலிருந்து எய்துவந்த சர்வைவல் ஹண்டர், ஈட்டியோடு நெருங்கிப் போரிட வேண்டியதாயிற்று. ஆண்டுக்கணக்கில் அந்தப் பாத்திரத்தை வளர்த்தவருக்கு இதைச் சமநிலைத் திருத்தம் என்று சொல்வது நியாயமில்லை. அவர் தேர்ந்தெடுத்த வகுப்பே இல்லாமற்போகிறது. புதியதற்கு இடமளிக்கப் பழையதன் உயிர்நாடியை எடுப்பது மோசமான வடிவமைப்பு.

2005இல் ‘ஸ்டார் வார்ஸ் கேலக்சீஸ்’ முப்பதுக்கும் மேற்பட்ட தொழில்களை 9 ஆகச் சுருக்கியது இதனினும் கடுமையானது. பலர் விளையாட்டைவிட்டே வெளியேறினர். வார்கிராஃப்டில் 2020இன் ‘ஷேடோலேண்ட்ஸ்’ நீக்கப்பட்ட திறன்கள் பலவற்றைத் திருப்பித் தந்தது. சர்வைவல் ஹண்டர் அதிலும் நெருங்கிப் போரிடும் வகையாகவே தொடர்ந்தது.