ராதிகா சரத்குமார்

ராதிகா சரத்குமார் 1978 முதல் தமிழ், தெலுங்குத் திரைப்படங்களிலும் 1990களின் இறுதியிலிருந்து தமிழ்த் தொலைக்காட்சித் தொடர்களிலும் முதன்மை வேடங்களில் நடித்துவரும் நடிகை. ராடான் மீடியாவொர்க்ஸ் என்னும் தயாரிப்பு நிறுவனத்தை உருவாக்கி நடத்தியவர். திரைப்பட வாய்ப்புக் குறைந்தபின் சின்னத்திரைக்குச் செல்லும் நடிகையர் பெரும்பாலும் பிறர் தயாரிக்கும் தொடர்களில் சம்பளத்துக்கு நடிப்பவர்களாகவே இருந்த காலத்தில், இவர் தொடரின் உரிமையாளராகவே அங்கே நுழைந்தார். திருமணமாகிக் குடும்பப் பொறுப்பைச் சுமக்கும் பெண்ணைக் கதையின் நடுவில் நிறுத்தும் தமிழ்த் தொடரின் வடிவம் நிலைபெற்றதில் இவருக்குள்ள பங்கு, இவர் நடித்த எந்த ஒரு திரைப்படத்தின் சிறப்பையும்விடப் பெரிது.

நாடக மேடையிலும் திரையிலும் ‘நடிகவேள்’ என்று போற்றப்பட்ட எம். ஆர். ராதாவுக்கும் இலங்கையைச் சேர்ந்த கீதாவுக்கும் மகளாகப் பிறந்தவர் ராதிகா. எம். ஆர். ஆர். வாசு, ராதாரவி ஆகிய நடிகர்கள் தந்தைவழிச் சகோதரர்கள். நடிகை நிரோஷா தங்கை. இத்தகைய குடும்பத்தில் பிறந்தும் மேடைப் பயிற்சியோ நடனப் பயிற்சியோ பெற்று நடிக்க வந்தவர் அல்லர். ‘16 வயதினிலே’ படத்தின் வெற்றிக்குப்பின் பாரதிராஜா இயக்கிய இரண்டாவது படமான ‘கிழக்கே போகும் ரயில்’ (1978) இவரது முதல் படம். ரயிலின் கடைசிப் பெட்டியில் காதலன் எழுதியனுப்பும் செய்திக்காகக் காத்திருக்கும் பாஞ்சாலி என்ற கிராமத்துப் பெண்ணாக, புதுமுகம் சுதாகருடன் நடித்தார். அரங்குகளை விட்டு உண்மையான ஊர்களுக்குப் படக்கருவி சென்ற அக்காலத் தமிழ்ப் படங்களுக்கு, பயிற்சியின் மெருகேறாத முகங்களே தேவைப்பட்டன. பயிற்சியின்மை இவருக்குக் குறையாகாமல் போனதற்கு அது முக்கியக் காரணம்.

அடுத்த சில ஆண்டுகளில் கே. பாக்யராஜின் ‘இன்று போய் நாளை வா’ (1981) போன்ற நகைச்சுவைப் படங்களிலும், ரஜினிகாந்த் நடித்த ‘போக்கிரி ராஜா’, ‘மூன்று முகம்’ (இரண்டும் 1982), ‘நல்லவனுக்கு நல்லவன்’ (1984) போன்ற வணிகப் படங்களிலும் கதாநாயகியாக நடித்தார். தெலுங்கில், தன்னை ஏமாற்றிய காதலனை நீதிமன்றத்தில் நிறுத்தும் பெண்ணாகச் சிரஞ்சீவியுடன் நடித்த ‘நியாயம் காவாலி’ (1981) இவருக்கு உறுதியான இடத்தைத் தேடித் தந்தது. கே. விஸ்வநாத்தின் ‘சுவாதி முத்யம்’ (1986), ‘சிப்பிக்குள் முத்து’ என்ற பெயரில் தமிழிலும் வெளியாகி, அவ்வாண்டு ஆஸ்கர் விருதுக்கு இந்தியாவின் சார்பில் அனுப்பப்பட்ட படம். மனவளர்ச்சி குன்றிய ஒருவனால் மறுவாழ்வு பெறும் இளம் விதவை லலிதாவாக இவர் அதில் நடித்தார். கமல்ஹாசனின் வேடம் எல்லோர் கண்ணையும் இழுக்கும்படி அமைந்திருக்க, திகைப்பையும் கூச்சத்தையும் பின்னர் மெல்ல முளைக்கும் பற்றையும் ஏறக்குறைய முகத்தாலேயே காட்டிய ராதிகாவின் நடிப்புதான் அக்கதையை நம்பும்படி செய்கிறது. இந்தியில் ரிஷி கபூருடன் நடித்த ‘நசீப் அப்னா அப்னா’ (1986), தமிழில் வெளியான ‘கோபுரங்கள் சாய்வதில்லை’ படத்தின் மறுஆக்கமாகும்.

இவரது நடிப்பின் முதன்மைக் கருவி குரல். சற்றே கனத்து, கோபத்திலும் தழுதழுப்பிலும் சொல் சிதையாமல் நிற்கும் அக்குரல், நீண்ட உரையாடல்களைத் தாங்கவல்லது. மு. கருணாநிதியின் எழுத்தில் உருவான ‘நீதிக்குத் தண்டனை’ (1987), ‘பாசப் பறவைகள்’ (1988), ‘தென்றல் சுடும்’ (1989) ஆகிய படங்களில் தொடர்ந்து இவர் இடம்பெற்றதை இதனோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். அடுக்கடுக்காக வரும் வசனத்தை மூச்சு முறியாமல் பேசும் ஆற்றல் அன்றைய கதாநாயகியர் பலரிடம் இல்லை. மற்றொருவர் நடித்த வேடத்துக்குக் குரல் மட்டும் கொடுக்கும் பின்னணிக் குரல் பணியையும் இவர் செய்திருக்கிறார்: ‘முதல் மரியாதை’யில் (1985) நடிகை ராதாவின் வேடத்துக்கு ஒலிப்பது ராதிகாவின் குரலே.

தயாரிப்பிலும் இவர் இளமையிலேயே இறங்கினார். பிரதாப் போத்தன் இயக்கி, இருவரும் நடித்த ‘மீண்டும் ஒரு காதல் கதை’ (1985), அறிமுக இயக்குநரின் சிறந்த படத்துக்கான இந்திரா காந்தி தேசிய விருதைப் பெற்றது. இயக்குநரோடு தயாரிப்பாளருக்கும் உரிய விருது அது. பின்னாளில் தொலைக்காட்சியில் இவர் எடுத்த முடிவுகளுக்கு இதுவே முன்னோட்டம்.

1990களின் முற்பாதி இவரது திரை வாழ்வில் வளமான பகுதி. வசந்தின் முதல் படமான ‘கேளடி கண்மணி’யில் (1990), மனைவியை இழந்து மகளுடன் வாழும் ஒருவரை மணக்க விரும்பி, அந்தச் சிறுமியின் எதிர்ப்பால் விலகும் ஆசிரியையாக எஸ். பி. பாலசுப்பிரமணியத்துடன் நடித்தார். பாரதிராஜாவின் ‘கிழக்குச் சீமையிலே’ (1993) படத்தில் அண்ணனுக்கும் கணவனுக்கும் இடையே கிழிபடும் விருமாயி, இவரது வேடங்களில் மிகச் சிறந்தது எனலாம். ஆனால் அதே இயக்குநரின் ‘பசும்பொன்’ (1995) படத்தில், தம்மைவிட மூத்தவரான பிரபுவுக்குத் தாயாக நடித்தபோது இவருக்கு வயது முப்பதைச் சற்றே கடந்திருந்தது. அதே வயதிலுள்ள நடிகர்கள் கல்லூரி மாணவர்களாக நடித்துக்கொண்டிருக்க, நடிகைக்குத் தாய் வேடத்தைத் தவிர வேறொன்றை எழுதத் தெரியாத திரைப்படத் துறையின் வறுமையே அது. இவர் தொலைக்காட்சியை நாடியதைப் புரிந்துகொள்ள இந்தப் பின்னணி இன்றியமையாதது.

1993இல் தொடங்கப்பட்ட சன் தொலைக்காட்சி, தொடர்களுக்கான நேரத்தைத் தயாரிப்பாளர்களுக்குக் கட்டணத்துக்கு விட்டு, அந்த நேரத்தில் வரும் விளம்பரங்களின் ஒரு பகுதியை அவர்களே விற்று வருவாய் ஈட்டும் முறையைப் பின்பற்றியது. தொடர் மக்களைக் கவர்ந்தால் லாபமும் கவராவிட்டால் நட்டமும் தயாரிப்பாளரைச் சேரும். இந்த ஏற்பாட்டில் துணிந்து முதலீடு செய்த ராடான் நிறுவனம், பின்னர் பங்குச் சந்தையிலும் இடம்பெற்றது. சி. ஜே. பாஸ்கர் இயக்கிய ‘சித்தி’ (1999–2001) அதன் பெருவெற்றி. தாயில்லாச் சிறுமி காவேரிக்குச் சிற்றன்னையாகும் சாரதாவாக ராதிகாவும், கணவராகச் சிவகுமாரும் நடித்தனர். மாற்றாந்தாய் என்றாலே கொடுமைக்காரி என்று காட்டிப் பழகிய கதை மரபைத் திருப்பிப்போட்டதோடு, ‘கேளடி கண்மணி’யில் மறுக்கப்பட்ட இடத்தை இத்தொடரில் அதே நடிகை அடைந்தார் என்றும் கொள்ளலாம். வாரநாள்கள் முழுதும் ஒளிபரப்பாகி ஆண்டுக்கணக்கில் நீளும் ‘மெகா தொடர்’ என்னும் வகை தமிழ் வீடுகளின் இரவு நேரத்தை ஆட்கொண்டதில் ‘சித்தி’க்குப் பெரும் பங்குண்டு. தெலுங்கில் அது ‘பின்னி’ என்ற பெயரில் ஒளிபரப்பாயிற்று.

‘அண்ணாமலை’, ‘செல்வி’, ‘அரசி’, ‘செல்லமே’, ‘வாணி ராணி’, ‘சந்திரகுமாரி’ என ஏறத்தாழ இடைவெளியின்றித் தொடர்ந்தன அடுத்த தொடர்கள். வழக்கறிஞர் வாணியாகவும் இல்லத்தரசி ராணியாகவும் இரட்டை வேடம் ஏற்ற ‘வாணி ராணி’ (2013–2018), 1,700 பகுதிகளைக் கடந்தது. நாள்தோறும் இருபது நிமிடக் கதையை நிரப்ப வேண்டிய கட்டாயத்தால் சூழ்ச்சிகளும் அழுகையும் மிகுந்து, கதை சுற்றிச் சுற்றி ஒரே இடத்தில் நின்ற வாரங்கள் இத்தொடர்களில் உண்டு. அக்குறையை மறைக்கத் தேவையில்லை. ஆயினும் சம்பாதிக்கும், முடிவெடுக்கும், தவறுவோரைத் தட்டிக்கேட்கும் பெண்ணை இத்தனை ஆண்டுகள் தொடர்ந்து நடுநாயகமாக வைத்திருந்த களம் அன்றைய தமிழ்த் திரைப்படத்தில் இல்லை.

2020இல் தொடங்கிய ‘சித்தி 2’ தொடரிலிருந்து, அரசியலில் ஈடுபடுவதற்காக 2021இல் விலகினார். 2001இல் இவரை மணந்த நடிகர் சரத்குமாரின் கட்சியில் பணியாற்றியபின், 2024 மக்களவைத் தேர்தலில் விருதுநகர் தொகுதியில் பாரதிய ஜனதா கட்சி வேட்பாளராகப் போட்டியிட்டுத் தோல்வியுற்றார். பெண்கள் மட்டுமே பங்கேற்ற ‘கோடீஸ்வரி’ என்னும் வினாடி வினா நிகழ்ச்சியைக் கலர்ஸ் தமிழில் தொகுத்து வழங்கினார். செவித்திறனும் பேச்சுத்திறனும் அற்ற போட்டியாளர் ஒருவர் 2020இல் ஒரு கோடி ரூபாய் வென்றது அந்நிகழ்ச்சியில்தான். திரைப்படங்களில் ‘தெறி’, ‘தர்மதுரை’ (இரண்டும் 2016), ‘வெந்து தணிந்தது காடு’ (2022) ஆகியவற்றில் தாய் வேடங்களில் நடித்தார். இவற்றுள் சீனு ராமசாமி இயக்கிய ‘தர்மதுரை’யின் பாண்டியம்மா, மகனின் சீரழிவைக் கண்டு குமுறும் கிராமத்துத் தாயாக, விருமாயியின் வரிசையில் வைக்கத்தக்க வேடம்.