கீழ்புத்துப்பட்டின் வடவானம்

கீழ்புத்துப்பட்டு விழுப்புரம் மாவட்டத்தில், புதுச்சேரிக்கு வடக்கே கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டிய ஊர். மஞ்சனீசுவரர் ஐயனார் கோயிலாலும் அதைச் சூழ்ந்த கோயில்காட்டாலும் அறியப்படுவது. கிழக்கே வங்கக் கடல். வடக்கே சென்றால் மரக்காணம் உப்பளங்கள். ஊர் வட அட்சம் 12 பாகையை ஒட்டி இருப்பதால், இங்கு வடக்கு நோக்கி நிற்பவர் காண்பது ஐரோப்பிய, அமெரிக்கக் கையேடுகள் வரைந்து காட்டும் வடவானம் அன்று. சப்தரிஷி மண்டலம் மறைவதே இல்லை, கோள்களைத் தெற்கில்தான் தேட வேண்டும் என்று அக்கையேடுகள் சொல்லும். இரண்டும் இந்தக் கரைக்குப் பொருந்தா.

துருவ மீன் அடிவானத்திலிருந்து ஓர் இடத்தின் அட்சத்தின் அளவே உயர்ந்து நிற்கும். லண்டனில் அது 51 பாகை, இங்கு 12. நீட்டிய கையின் மூடிய முட்டி ஏறத்தாழ 10 பாகையை மறைக்கும் என்பதால், அடிவானத்தின்மேல் ஒரு முட்டியும் ஒரு விரலும் வைத்தால் துருவம் அகப்படும். கீழ்புத்துப்பட்டில் இலங்கைத் தமிழர் முகாம் ஒன்று உண்டு. அங்குள்ளோரில் யாழ்ப்பாணத்தில் வளர்ந்தவர் தம் ஊரில் பார்த்த துருவம் இதைவிட இரண்டு பாகைக்கு மேல் தாழ்ந்தது. இந்த ஏற்ற இறக்கத்தைக் கயிறு கட்டிய சிறு பலகையால் அளந்துதான் அராபிய மாலுமிகள் இந்தியப் பெருங்கடலில் தம் இடத்தை அறிந்தனர். பலகைக்குப் பெயர் கமால்.

துருவ மீன் ஒன்றும் பளிச்சென்ற மீன் அன்று. இத்தனை தாழ்வில் கடலோர ஈரக்காற்றும் தூசியும் அதன் ஒளியை இன்னும் குறைத்துவிடும். முதன்முறை தேடுபவர் ஏமாறுவது இங்கேதான். சங்க காலத்தில் நிலைமை வேறு. புவியின் அச்சு மெல்லச் சுழல்வதால், 2000 ஆண்டுகளுக்கு முன் இதே மீன் வட துருவப் புள்ளியிலிருந்து ஏறத்தாழ 12 பாகை விலகி இருந்தது; இந்தக் கரையிலிருந்து பார்த்தால் சுற்றின் கீழ்ப்பகுதியில் அடிவானத்தை உரசியிருக்கும். இன்று விலகல் ஒரு பாகைக்கும் குறைவு.

துருவம் தாழ்ந்திருப்பதால் மறையாமல் சுற்றும் மீன்கள் இங்கு மிகச் சில. சங்கப் பாடல்கள் எழுமீன் என்று குறித்த சப்தரிஷி மண்டலம் ஒவ்வொரு நாளும் எழுந்து மறைகிறது. ஏப்ரல் முதல் ஜூன் வரை முன்னிரவில் அது வடக்கே 40 முதல் 55 பாகை உயரத்தில் கவிழ்ந்து நிற்கும். அகப்பை போன்ற அதன் வடிவத்தில் முன்விளிம்பாகிய இரு மீன்களை இணைக்கும் கோட்டைக் கீழ்நோக்கி ஐந்து மடங்கு நீட்டினால் துருவம். கைப்பிடியின் நடுமீன் வசிட்டர். அதை ஒட்டி மங்கலாகத் தெரிவது அருந்ததி, பழைய பெயர் வடமீன். திருமணச் சடங்கில் பகலிலும் அருந்ததி பார்க்கச் சொல்வதுண்டு. உண்மையிலேயே பார்க்க விரும்பும் மணமக்கள் மே மாத இரவு ஒன்பது மணிக்குக் கடற்கரைக்கு வரலாம்.

துருவத்துக்கு அந்தப் பக்கம் நிற்கும் காசியோப்பியா மண்டலத்துக்கு அத்தனை யோகமில்லை. அது முன்னிரவில் உச்சத்துக்கு வரும் நவம்பரில் வடகிழக்குப் பருவமழை வானத்தை மூடிவிடும். ஜனவரியில் வானம் தெளியும்போது அது வடமேற்கில் சரிந்திருக்கும். அப்போது வடக்கே உயரத்தில் ஆள்வது பிரம்மஹிருதயம் என்ற மீன். ஆகஸ்டில் அந்த இடம் அபிஜித் என்ற மீனுக்கு.

வடவானம் எங்கே முடிகிறது என்பதை ஒரு மீன் ஏறத்தாழத் துல்லியமாகக் காட்டுகிறது. மகம் வான நடுக்கோட்டுக்கு 12 பாகை வடக்கே இருப்பதால், அது இவ்வூரின் உச்சி வழியாகவே கடக்கும். ஏப்ரல் முற்பகுதியில் இரவு ஒன்பது மணியளவில் தலைக்கு நேர்மேலே பார்த்தால் போதும். புதுச்சேரிக் கடற்கரைக்குச் சாமிகள் தீர்த்தவாரிக்கு வரும் மாசி மகத்தன்று, முழுநிலவும் மகத்தை ஒட்டி நள்ளிரவுவாக்கில் உச்சியை நெருங்கும். மகத்துக்கு வடக்கே செல்லும் மீன்கள் பல: கார்த்திகை, ரோகிணி, புனர்பூசம், சுவாதி.

கோள்களின் கதையும் இதிலேயே அடக்கம். சூரியனும் கோள்களும் செல்லும் பாதை வான நடுக்கோட்டுக்கு 23 பாகைக்குச் சற்று மேல் வரை வடக்கே ஏறுகிறது. சூரியனே ஏப்ரல் 21, ஆகஸ்ட் 21 ஆகிய நாள்களை ஒட்டி நண்பகலில் உச்சிக்கு வந்து, இடைப்பட்ட மாதங்களில் வடக்கே சாய்ந்து செல்கிறது. எனவே ரிஷபம், மிதுனம், கடகம் பகுதிகளில் உள்ள கோளைப் பார்க்க வடக்கே திரும்ப வேண்டும். 2026 ஜனவரி 10 அன்று சூரியனுக்கு நேரெதிரே வந்த வியாழன் மிதுனத்தில் இருந்தது. நள்ளிரவில் உச்சிக்குப் பத்துப் பாகை வடக்கே நின்றது. பன்னிரண்டு ஆண்டுச் சுற்றில் இப்படிச் சில ஆண்டுகள் அதற்கு வாய்க்கும். மெல்ல நகரும் சனி 2030இல் ரிஷபத்தில் இருக்கும்போது வடக்கே வரும். வெள்ளி எப்போதும் சூரியனிலிருந்து 47 பாகைக்குள் அடங்குவதால் நள்ளிரவில் தேடிப் பயனில்லை. விடிவெள்ளியாக அது கடலிலிருந்தே எழும், மறைப்பதற்கு எதுவுமில்லை. அடிவானத்தில் அப்போது கோளும் மின்னும். மின்னாதது கோள் என்ற பள்ளிக்கூட விதி உயரத்தில் மட்டுமே செல்லும்.

ஊருக்குத் தெற்கே புதுச்சேரியின் வெளிச்சம் எழுவதால், உப்பளங்கள் பக்கமாகிய வடக்கு ஒப்பீட்டளவில் இருண்டது. கோயில்காட்டின் அருகில் மரங்கள் துருவத்தை மறைக்கும். திறந்த மணல்வெளியே நல்லது.

இந்தக் கரையின் மேகம் ஒரு வானியலாளரைப் பழிவாங்கியது உலகறிந்த செய்தி. வெள்ளி சூரியனைக் கடப்பதைக் காணப் புதுச்சேரியில் ஓராண்டுக்கும் மேல் காத்திருந்த பிரெஞ்சு அறிஞர் லெ ழாந்தீல், 1769 ஜூன் 4 காலையில் மேகத்தை மட்டுமே பார்த்தார். அதே நகரில், எழுத்தில்லாமல் கணித்தவர்களும் இருந்தனர். 1825இல் வெளிவந்த காலசங்கலிதம் என்ற நூலை எழுதிய ஜான் வாரன், அவ்வாண்டுச் சந்திர கிரகணத்தைப் புதுச்சேரிப் பஞ்சாங்கக் கணிதர் ஒருவர் தரையில் சோழிகளை வைத்தும் மனப்பாடமாக வைத்திருந்த வாய்பாடுகளைக் கொண்டும் கணித்துக் காட்டியதைப் பதிவு செய்தார். கிரகணம் தொடங்கும் நேரத்தில் அவர் கணக்குச் சில நிமிடங்களே பிசகியது. முடியும் நேரத்தில் பிழை ஒரு மணியை நெருங்கியது.