தம்மை எண்ண மறந்தவர்கள்

பழங்கதைகளுக்கென ஓர் அமைப்பு உண்டு. ஞானமுள்ள குரு, பணிவுள்ள சீடர், கடத்தற்கரிய ஆறு, வழியில் உதவும் அந்நியன் என அதன் உறுப்புகள் தலைமுறைதோறும் தொடர்கின்றன. அவற்றுள் ஒன்றை மட்டும் தலைகீழாக்கினால் கதை என்னவாகும்? பதினெட்டாம் நூற்றாண்டில் இதைச் செய்து காட்டியவர் வீரமாமுனிவர்.

1680-இல் இத்தாலியில் பிறந்து, தேம்பாவணி பாடிய அப்பெருமகனார், பேச்சுத் தமிழ் பயில விரும்பிய வெளிநாட்டுக் குருக்களுக்காகப் பரமார்த்த குருவின் கதையை எளிய உரைநடையில் எழுதினார். 1747-இல் அவர் மறைந்து எழுபத்தைந்து ஆண்டுகள் கழித்து, 1822-இல் பாபிங்டன் என்பவர் அதனை ஆங்கில மொழிபெயர்ப்புடன் இலண்டனில் அச்சேற்றினார்.

இக்கதையில் குருவும் பேதை. மட்டி, மடையன், பேதை, மிலேச்சன், மூடன் என்னும் சீடர் ஐவரும் பேதையரே. ஆறு உறங்குகிறதா என்று கொள்ளிக்கட்டையால் சோதித்த பின்னரே அதனைக் கடக்கின்றனர். கரையேறி எண்ணினால் ஆறு பேரில் ஐவரே தேறுகின்றனர். எண்ணுபவர் தம்மை விட்டுவிடுகிறார்! ஒருவரை ஆறு விழுங்கிற்று என்று அனைவரும் புலம்புகின்றனர்.

பிற சமயக் குருமாரை எள்ளி நகையாடவே இது எழுதப்பட்டது என்பார் உளர். ஆனால், எழுதியவரும் ஒரு குருவே என்பதை நாம் மறத்தலாகாது. அந்நகைப்பு நம்மைச் சுடாது என்று எண்ணினால், நாமும் நம்மை எண்ண மறந்தவர்களே. நம் ஆண்டவரும் எரிக்கோ சாலைக் கதையில் குருவையும் லேவியரையும் விலகிப் போகச்செய்து, எவரும் எதிர்பாராத சமாரியரை அன்றோ நாயகராக்கினார்!

வேம்பாரில் மறைக்கல்வி மாணவர்க்கு இக்கதையைச் சொல்லி, ஏதேனும் ஓர் உறுப்பை மாற்றி எழுதுமாறு பணித்தேன். ஒரு சிறுமி ஆற்றைக் கடலாக்கினாள். வழிப்போக்கனுக்குப் பதிலாக, வள்ளத்தை எதிர்பார்த்துக் கரையில் நிற்கும் ஒரு தாயை நிறுத்தினாள். அத்தாய் சிரிக்கவில்லை, அவர்களோடு சேர்ந்து அழுதாள். காரணம் கேட்டேன்.

"ஒராளக் காணோம்னு அழுறவங்களப் பாத்துச் சிரிக்கலாமா, சாமி?" என்றாள்.

கடல் தொழிலை நம்பி வாழும் ஊரில், கரை திரும்புவோரை எண்ணுவது விளையாட்டன்று. அப்பேதையர் தவறாக எண்ணினர். எனினும் ஒருவர் குறைந்ததற்காக அழுதனர். அன்றிரவு பங்குக் குடும்பப் பதிவேட்டைத் திறந்து, நெடுநாளாக ஆலயம் வராத இல்லங்களை எண்ணினேன். எண்ணிக்கையில் நான் பிழை செய்யவில்லை. அவர்களுள் ஒருவருக்காகவேனும் அழுதிருக்கிறேனா என்பதே என் கேள்வி.