கலிலியோவின் குழாய்க்குள் மாட்டிக்கொண்ட வட்டம்

பைனாகுலர் இருந்தா கையில எடுத்துக்கோங்க. சூரியன் இல்லாத பக்கமா வானத்தை நோக்கிப் பிடிச்சு, ஒரு கை தூரத்துல இருந்து கண் லென்ஸைப் பாருங்க. நடுவுல சின்னதா ஒரு வெளிச்ச வட்டம் தெரியும். அதுதான் எக்ஸிட் பியூப்பில்.

முன்னாடி இருக்கும் லென்ஸின் விளிம்புதான் எவ்வளவு வெளிச்சம் உள்ளே வரலாம்னு முடிவு பண்ணுது. அதுக்குப் பேர் ஸ்டாப். பின்னாடி இருக்கும் லென்ஸ்கள் அந்த ஸ்டாப்பைப் பிம்பமாக்கிக் காட்டுறதுதான் இந்த வட்டம். 8 மடங்கு பெரிதாக்கும் 40 மில்லிமீட்டர் பைனாகுலர்னா, 40ஐ 8ஆல் வகுங்க. வட்டம் 5 மில்லிமீட்டர். வெளிச்சம் மொத்தமும் அது வழியாத்தான் வெளியே வருது. அதனால கண்ணை அங்கதான் வைக்கணும்.

கலிலியோவுக்கு அந்த வசதி கிடைக்கல. அவர் கண் பக்கம் வைத்தது குழிலென்ஸ். அதுல வட்டம் குழாய்க்கு உள்ளேயே விழுது. கண்ணை அங்கே கொண்டுபோக முடியாது. சாவித்துவாரம் வழியா அறையை எட்டிப் பார்க்கிற மாதிரிதான். ஃப்ளோரன்ஸ் அருங்காட்சியகத்தில் இருக்கும் அவரது ஒரு தொலைநோக்கி 21 மடங்கு பெரிதாக்கும். ஆனா முழு நிலா அதுல ஒரே பார்வைக்குள்ள அடங்காது!

1611ல் கெப்ளர் ‘டையாப்ட்ரிசே’ நூலில் ஒரு மாற்றம் சொன்னார்: குழிலென்ஸுக்குப் பதிலா குவிலென்ஸ். காட்சி தலைகீழா ஆயிடும். ஆனா ரெண்டு விஷயம் கைக்கு எட்டும் இடத்துக்கு வருது. வட்டம் குழாய்க்கு வெளியே வருது, பார்வை விரியுது. இன்னொன்னு, முன்லென்ஸ் உருவாக்கும் பிம்பம் குழாய்க்குள்ளேயே நிஜமா விழுது. கலிலியோவின் குழாயில் அந்தப் பிம்பம் உருவாகுறதுக்கு முன்னாடியே குழிலென்ஸ் குறுக்கே வந்துடும்.

அந்த இடத்தோட மதிப்பைக் காட்டிக்கொடுத்தது ஒரு சிலந்தி. இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில் வில்லியம் காஸ்காயின் தன் தொலைநோக்கிக்குள்ள பார்த்தப்போ, சிலந்தி இழை ஒண்ணு தொலைவுப் பொருளோடு சேர்ந்து துல்லியமா தெரிஞ்சது. இழை பிம்பம் விழும் இடத்துலயே இருந்தது! அதே இடத்துல நகரும் முனைகளை வெச்சு, கிரகங்களின் அகலத்தை அளக்கும் மைக்ரோமீட்டர் செய்தார்.

1644ல், உள்நாட்டுப் போரில் மார்ஸ்டன் மூர் களத்தில் இளம் வயதிலேயே இறந்துபோனார். கருவியைப் பற்றி அவர் எதையும் அச்சிட்டிருக்கல. 1660களில் பிரான்ஸில் இதே மாதிரிக் கருவி வெளியானதும், 1667ல் ரிச்சர்ட் டவுன்லி என்பவர், இதை காஸ்காயின் முன்பே செஞ்சுட்டார்னு ராயல் சொசைட்டிக்கு எழுதினார். அந்தக் கடிதம் இல்லாட்டி நாம அவர் பேரையே மறந்திருப்போம்னு எனக்குத் தோணுது.

19ஆம் நூற்றாண்டில், யேனா நகரில் எர்ன்ஸ்ட் அபே இந்த ஸ்டாப், பியூப்பில் கணக்கையெல்லாம் ஒழுங்கான கோட்பாடாக்கினார். இன்னைக்கும் எத்தனை லென்ஸ் இருந்தாலும் முதல் கேள்விகள் இவைதான்: பிம்பம் எங்கே விழுது? ஸ்டாப்பின் பிம்பம் எங்கே விழுது? முதல் இடத்துல இழையை வைக்கலாம், ரெண்டாவது இடத்துல கண்ணை வைக்கலாம்.