ரப்பருக்குத் தரம் கண்ட இரசாயன அறிஞர்

பேராக் மாநிலத்தில் வாழும் நமக்கு ரப்பர் மரத்தை யாரும் அறிமுகம் செய்து வைக்க வேண்டியதில்லை. 1877-ஆம் ஆண்டில் இந்த வட்டாரத்துக்கு வந்த கன்றுகளில் சில, கோலகங்சாரில் ஹியூ லோ துரையின் இல்லத் தோட்டத்தில்தான் நடப்பட்டன. அவற்றில் ஒரு மரம் இன்றும் அந்நகரில் நிற்கிறது. கன்றுகளைக் கொண்டுவந்தவர்களைப் பற்றியும், மரத்தைக் காயப்படுத்தாமல் வெட்டும் முறையைக் கண்ட ரிட்லியைப் பற்றியும் பள்ளிப் புத்தகங்கள் சொல்கின்றன. மங்கில் சொட்டிய பாலுக்குள் என்ன இருக்கிறது என்று ஆராய்ந்து, உலகச் சந்தையில் அந்தப் பாலுக்கு உரிய இடத்தைக் காத்துக் கொடுத்தவரை மட்டும் நம்மில் பலர் அறியோம். அவர் பெயர் பாலச்சந்திர சக்கிங்கல் சேகர். சுருக்கமாக பி. சி. சேகர் என்பார்கள்.

அவர் வெளிநாட்டிலிருந்து வந்த துரை அல்லர். மலையாளக் குடும்பத்தைச் சேர்ந்த அவர், 1929 நவம்பர் 17-ஆம் நாள் சிலாங்கூரில் சுங்கை பூலோவை அடுத்த உலு பூலோவில், ரப்பர்க் காடுகளுக்கு நடுவே பிறந்தார். பிற்காலத்தில் அவர் பணியாற்றிய ரப்பர் ஆராய்ச்சி நிலையத்தின் சோதனைத் தோட்டமும் அதே சுங்கை பூலோவில்தான் இருந்தது.

அவர் ஆராய்ச்சிக்கு வந்த காலம் எத்தகையது என்பதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். 1942-இல் மலாயா ஜப்பானியர் வசமானது. நம்மவர்களைச் சயாம் மரண ரயில்பாதைக்குக் கொண்டுபோன அதே ஆண்டுகளில், ரப்பர் கிடைக்காத அமெரிக்கா பெட்ரோலியத்திலிருந்து செயற்கை ரப்பர் செய்யும் ஆலைகளை அவசர அவசரமாகக் கட்டியது. போர் முடிந்த பிறகும் அந்த ஆலைகள் போகவில்லை. கொரியப் போரின்போது, 1950, 1951-இல், நம் ரப்பருக்கு விலை ஏறியது உண்மை, பிறகு இறங்கிவிட்டது. 1960களில் உலகில் செயற்கை ரப்பரின் உற்பத்தி இயற்கை ரப்பரை மிஞ்சியது. விலை இறங்கினால் சம்பளத்திலும் இடித்ததை அக்காலத் தோட்டத்து மக்கள் நன்கு அறிவார்கள். ஆகவே இது துரைமாரின் கவலை மட்டுமன்று.

டயர் ஆலைக்காரர்கள் செயற்கை ரப்பரை விரும்பியதற்கு விலை ஒரு காரணம். மற்றொரு காரணம், அது ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரியாக வந்ததாகும். நம் ரப்பர் எப்படிப் போனது? பாலை வடிகட்டி, திராவகம் ஊற்றி உறைய வைத்து, ரோலரில் தகடாக இழுத்து, புகைக்கூடத்தில் நாட்கணக்கில் தொங்கவிட்டோம். தகட்டை வெளிச்சத்தில் பிடித்து, நிறமும் குமிழும் பூசணமும் பார்த்து, இது முதல் தரம், இது மூன்றாம் தரம் என்று கண்ணாலேயே பிரித்தார்கள். கண்ணுக்கு அழகாக இருந்தால் நல்ல விலை! உள்ளே எவ்வளவு அழுக்கு, எவ்வளவு ஈரம் என்று யாரும் அளந்து சொல்லவில்லை. பெண்ணின் புடவையைப் பார்த்துச் சம்பந்தம் பேசுவது போன்றதுதான் இது.

அதோடு இன்னொரு தொல்லையும் இருந்தது. கப்பலிலும் கிடங்கிலும் கிடக்கும் இயற்கை ரப்பர் நாளாக நாளாக இறுகிவிடும். ஆலையில் அதை மீண்டும் பிசைந்து இளக்க மின்சாரமும் நேரமும் செலவாயின. ஏன் இறுகுகிறது? சேகர் இந்தக் கேள்வியை எடுத்துக்கொண்டார். ரப்பர் என்பது மிக நீளமான மூலக்கூறுகளின் கூட்டம்; சிக்கலாகக் கிடக்கும் நூல்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த நூல்களில் இடையிடையே ஆல்டிஹைடு என்ற வகையைச் சேர்ந்த சிறு கொக்கிகள் இருக்கின்றன என்றும், அவை ஒன்றோடொன்று மாட்டிக்கொள்வதால்தான் ரப்பர் இறுகுகிறது என்றும் அவர் காட்டினார். நோய் தெரிந்தபின் மருந்து காண்பது எளிதாயிற்று. பாலை உறைய வைக்கும் முன்பே ஹைட்ராக்சிலமின் உப்பைச் சிறிதளவு சேர்த்தால் அது கொக்கிகளை மூடிவிடுகிறது. ரப்பரும் இளக்கம் மாறாமல் இருக்கிறது. ஆலைக்காரர்கள் இதற்குக் கூடுதல் விலை கொடுக்கவும் முன்வந்தார்கள்.

1960களின் நடுவில் ஆராய்ச்சி நிலையம் ‘ஹீவியா கிரம்ப்’ என்ற புதிய முறையைக் கொண்டுவந்தது. இதிலே நமக்கு வியப்பூட்டுவது ஒன்று உண்டு. உறைந்த ரப்பரில் சிறிதளவு ஆமணக்கு எண்ணெயைச் சேர்த்து ரோலர்களுக்கிடையே விட்டால், அது தகடாக வராமல் பொலபொலவென்று உதிர்ந்துவிடுகிறது. நம் பாட்டிமார் பிள்ளைகளின் வாயைப் பிளந்து ஊற்றிய அதே விளக்கெண்ணெய்தான்! உதிர்ந்த துகள்களைக் கழுவி, சூடான காற்றில் சில மணி நேரத்திலேயே உலர்த்தி, சுமார் 33 கிலோ எடையுள்ள கட்டிகளாக அழுத்தி, பிளாஸ்டிக் தாளில் சுற்றி அனுப்பினார்கள்.

1965-இல் ‘மலேசியத் தர ரப்பர்’, அதாவது எஸ்.எம்.ஆர்., என்ற திட்டம் வந்தது. அழுக்கு, சாம்பல், ஈரம் முதலியவற்றை ஆய்வுக்கூடத்தில் அளந்து, அந்த எண்களைக் கொண்டே தரம் பிரிக்கப்பட்டது. எஸ்.எம்.ஆர். 20 என்றால், தொடக்கத்தில், நூறு பங்கு ரப்பரில் அழுக்கு 0.20 பங்குக்கு மேல் இல்லை என்று பொருள். தகட்டுக்கு உதவாது என்று ஒதுக்கப்பட்ட கட்டிப்பாலும் ஒட்டுப்பாலும் இம்முறையில் நல்ல சரக்காயின. கட்டிப்பாலைக் குறைந்த பொருளாகக் கருதிய காலம் அத்தோடு மாறியது.

1966-இல், நாற்பது வயதை எட்டுமுன்னரே, சேகர் ரப்பர் ஆராய்ச்சி நிலையத்தின் இயக்குநரானார். 1925-இல் அமைந்த அந்த நிலையத்தில் இப்பதவிக்கு வந்த முதல் ஆசியர் அவரே. மரப்பட்டையில் எத்ரல் மருந்து பூசிப் பால் ஊற்றை நீட்டும் முறையும் அந்தக் காலத்தில்தான் அங்கே உருவாயிற்று. 1973-இல் அரசுப் பணிக்கான மகசேசே விருது அவருக்குக் கிடைத்தது. 1971-இல் வேளாண் அறிஞர் எம். எஸ். சுவாமிநாதனும், 1974-இல் எம். எஸ். சுப்புலட்சுமி அம்மையாரும் இதே விருதைப் பெற்றவர்கள் என்றால் அதன் பெருமை விளங்கும். டான் ஸ்ரீ பட்டமும் அவரை வந்தடைந்தது. 2006-இல் அவர் காலமானார்.

ஆய்வுக்கூடம் பாலுக்கு விலை தேடித் தந்தது. அந்த விலையில் வெட்டியவனுக்கு எவ்வளவு என்பதை ஆய்வுக்கூடம் தீர்மானிக்கவில்லை. அது தோட்ட முதலாளிகளுக்கும் தொழிற்சங்கத்துக்கும் நடந்த பேச்சுவார்த்தையில் இருந்தது. உலகத் தரம் பெற்ற ரப்பரை வெட்டியவர்கள் லயத்து வீட்டிலேயே இருந்தார்கள் என்பதையும் வரலாற்றில் எழுதித்தான் ஆக வேண்டும். ஆனாலும் ஈப்போவைச் சுற்றியிருந்த ஈயத்தை எண்ணிப் பாருங்கள். 1985-இல் ஈய விலை சரிந்தபோது கிந்தா பள்ளத்தாக்கில் சுரங்கங்கள் அடுத்தடுத்து மூடப்பட்டன. ரப்பருக்கு 1960களிலேயே அந்த நிலை வந்திருந்தால், நம்மில் பலருடைய பள்ளிப்படிப்பு அங்கேயே நின்றிருக்கும்.

பின்னர் பேராக்கிலும் தோட்டத்துக்குத் தோட்டம் ரப்பர் மரங்களைச் சாய்த்துச் செம்பனை நட்டார்கள். விந்தை என்னவென்றால், செம்பனை எண்ணெய் ஆராய்ச்சியை இந்நாட்டில் வளர்த்தவர்களிலும் சேகர் ஒருவர். சுங்கை பூலோவின் சோதனைத் தோட்டம் இருந்த நிலத்தில் குவாசா டாமன்சாரா என்ற புதிய நகரம் எழுந்துகொண்டிருக்கிறது. ரப்பர் ஆராய்ச்சி நிலையமும் 1998-இல் மலேசிய ரப்பர் வாரியத்தோடு இணைந்துவிட்டது. அந்த வாரியம் அறிவிக்கும் விலைப் பட்டியலில் எஸ்.எம்.ஆர். 20 இன்றும் இருக்கிறது. சிறுதோட்டக்காரர் மங்கிலிருந்து பெயர்த்து விற்கும் கட்டிப்பாலுக்கு வியாபாரி விலை சொல்வதும் அதைப் பார்த்துத்தான்.