கற்றவரே கற்பித்த கூடம்

ஆசிரியர்களாகிய நாங்கள் ஆறாம் ஆண்டுப் பிள்ளையை மூன்றாம் ஆண்டுப் பிள்ளைக்குக் கணக்குச் சொல்லித் தரச் சொன்னால், "என் பிள்ளை படிக்க வந்ததா, வாத்தியார் வேலை பார்க்க வந்ததா?" என்று கேட்கும் பெற்றோர் உண்டு. நியாயமான கேள்விதான். கீசன் நகருக்குச் சற்றுப் போய் வருவோம்.

ஜெர்மனியிலுள்ள அவ்வூருக்கு 1824-இல் வேதியியல் பேராசிரியராக வந்த லீபிக்குக்கு வயது 21. படைவீரர் காலி செய்த காவற்கூடமே அவருடைய ஆய்வுக்கூடம். பேராசிரியர் செய்து காட்ட, மாணவர் பார்த்திருப்பதே அந்நாளில் பெருவழக்கு. லீபிக்கோ சோதனையை மாணவர் கையிலேயே கொடுத்தார். புதிதாக வந்தவர்களுக்குத் தேர்ச்சி பெற்ற உதவியாளர்கள் சொல்லித் தந்தார்கள். மற்றவர்கள் காலைதோறும், முதல்நாள் செய்ததை அவரிடம் சொல்ல வேண்டும். சரி, தவறு சொல்வார். வழியை அவரவரே தேட வேண்டும். ஒருவர் வேலையில் மற்றவரும் கலந்து, ஒருவரிடம் ஒருவர் கற்றனர். பாவம், மாலையில் கூடத்தைத் துப்புரவு செய்ய வந்த ஊழியர்தாம் இவர்களை வெளியேற்ற முடியாமல் தவித்தாராம்!

அங்கே உதவியாளராக இருந்த ஹோஃப்மன், 1845-இல் லண்டனில் புதிதாகத் தொடங்கிய வேதியியல் கல்லூரிக்குத் தலைவராகப் போனார். அவரிடம் படித்து உதவியாளரான பெர்கின், 1856-இல், பதினெட்டு வயதில், நம் பாட்டன்மார் கசக்கக் கசக்க விழுங்கிய கொய்னாவைச் செய்யப் போய், செயற்கை ஊதாச் சாயத்தைக் கண்டுபிடித்தார்.