காட்டுப் புற்கள்: இனங்காணலும் படமெடுத்தலும்

புல் குடும்பத்தில் (போயேசியே) உலகெங்கும் 11,000க்கு மேற்பட்ட இனங்கள் உள்ளன. கண்ணைக் கவரும் இதழ்கள் இல்லாததால் பூவின் நிறம் இங்கே உதவாது. முதலில் தண்டை விரலிடையே உருட்டிப் பார்க்க வேண்டும். புல்லைப் போலவே தோன்றும் கோரையின் தண்டு பெரும்பாலும் முக்கோணமாக இருக்கும். புல்லின் தண்டு பொதுவாக உருண்டு, கணுக்களுடன், உள்ளே கூடாக இருக்கும்.

இலையும் அதன் உறையும் சேரும் இடத்தின் உட்புறத்தில் உள்ள சிறுநாக்கைப் பலரும் பார்க்கத் தவறுகிறார்கள். கதிர் விடாத புல்லுக்கு அதுவே சிறந்த அடையாளம். நெல்லில் அது நீண்ட சவ்வு; அருகம்புல்லில் மயிர் வரிசை; நெல்வயலில் களையாக முளைக்கும் குதிரைவாலி வகைப் புற்களிலோ அறவே இல்லை.

அருகம்புல்லிலும் காக்காய்க்கால் புல்லிலும் (டாக்டைலோக்டீனியம் எஜிப்டியம்) கதிர்கள் விரல்களாக விரியும். பின்னதில் ஒவ்வொரு விரலின் நுனியும் சிறுகதிர் இன்றிக் கூர்ந்து நிற்கும்.

இனங்காண ஒரே படம் போதாது. முழுச்செடி, கணு, சிறுநாக்கு, கதிர், அளவுகோலுடன் சிறுகதிர் எனத் தனித்தனியே எடுக்க வேண்டும். காற்று அடங்கிய அதிகாலை ஏற்ற நேரம். பின்னால் கறுப்புத் துணி பிடித்தால் நுண்மயிரும் துலங்கும். இந்தியா, இலங்கை, பர்மா, பாகிஸ்தான் புற்களுக்கு என். எல். போர் 1960இல் வெளியிட்ட நூல் இன்றும் அடிப்படை நூல்.